பெரிய மாப்பிள்ளை லினக்ஸ், சின்ன மாப்பிள்ளை லினக்ஸ்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
பிப்ரவரி 9, திங்கட்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் ஹரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

முத்தியால்பேட்டையிலிருந்து புருஷோத்தமன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை நலம்தான். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் தங்கை அமுதவல்லி என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. அங்கே பிரான்சில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் காட்டினார்கள். நீங்களும் தையல்நாயகி அக்காவும் காதைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொருள்: பழைய லேப்டாப் – பாரம் இல்லாத லினக்ஸ் தேர்வு செய்தல் – மாப்பிள்ளைகள் இருவருக்கும் மனத்தாங்கல் – சின்ன மகள் வளைகாப்புக்கு வர மறுப்பு – தாய்மாமன் தலையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் வாட்ஸ்அப் செய்தி, டிசம்பர் முதல் வாரம். 2. அதில் தாங்கள் அனுப்பியிருந்த, நான் திறந்திருக்கவே கூடாத இணைப்பு.

முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த கை. பொருளும் பார்வையும் போடாமல் எழுத வராது, மன்னிக்கவும். இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு நொடியில் போய்ச் சேருமே, தபாலில் ஏன் என்று கேட்பீர்கள். நான் உங்களுக்குத் தனியாக அனுப்புவது எப்படியோ குடும்ப குரூப்புக்குப் போய்விடுகிறது. போன மாதம் சம்பந்தி வீட்டு வத்தக்குழம்பைப் பற்றி உங்களுக்கு மட்டும் எழுதினேன், மறுநாள் சம்பந்தி அம்மாள் போன் செய்து உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று என்னிடமே கேட்டார்கள். இந்த விஷயம் அப்படிப் போய்விடக் கூடாது. என் சின்னப் பெண் மாலா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவாளா மாட்டாளா என்கிற விஷயம் இது. வளைகாப்பு வரும் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை. மண்டபம் சொல்லியாகிவிட்டது, வளையலுக்குச் சொல்லியாகிவிட்டது, பெண் வரமாட்டேன் என்கிறாள். காரணம் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்.

குற்றம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கோப்பில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் அல்லவா. நீங்கள் பாரிசில் பன்னிரண்டு வருஷம் தட்டித் தீர்த்த அந்த லேப்டாப்பை, "வச்சுக்குங்க மாமா, தூக்கிப் போட மனசு வரல" என்று உங்கள் பையன் என் கையில் கொடுத்தான். அதன் எழுத்துப் பலகை பிரெஞ்சுப் பலகை, ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன். நம் தெருவில் சாக்கடைத் தண்ணீர் வீட்டு வாசல் வரை வந்து நிற்கிறது, அதற்கு மனு எழுத வேண்டியவன் குடியிருப்போர் சங்கச் செயலாளரான நான்தான், கையால் எழுதின மனுவை இப்போது யாரும் வாங்குவதில்லை. காலையில் லேப்டாப்பைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவேன். குளித்து, சாமி கும்பிட்டு, டிபன் சாப்பிட்டு வந்தால் அப்போதுதான் திரையில் அம்புக்குறி வந்து நிற்கும். மனு அனுப்ப வேண்டிய இணையதளமோ, உன் விண்டோஸ் பழசு, உள்ளே விடமாட்டேன் என்றது. உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்ன எழுதினீர்கள்? "விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க, இலவசம், பறக்கும்." அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். பழைய மெஷினுக்கு ஏற்ற பாரமில்லாத லினக்ஸ் எவை எவை என்று ஒரு பட்டியலின் இணைப்பையும் அனுப்பினீர்கள். லினக்ஸ் என்றால் ஒன்று என்று நினைத்திருந்தேன் மச்சான். அது ஒரு வம்சம். பதினோரு பெயர் இருந்தது, எல்லாவற்றுக்கும் நேரே மிகவும் லேசானது, மிகவும் சுலபமானது என்றே போட்டிருந்தது. மாப்பிள்ளை பார்க்கும்போது தரகர் கொண்டுவந்த ஜாதகக் கட்டு மாதிரி இருந்தது, ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். குடும்ப குரூப்பில், "பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் உகந்தது? தெரிந்தவர்கள் கருத்துக் கூறவும்" என்று பொதுவாகப் போட்டுவிட்டேன். குரூப்பில் இரண்டு மாப்பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை. பெரிய மாப்பிள்ளை தமிழ்மாறன் தட்டாஞ்சாவடியில் பைப் கம்பெனியில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் ஐந்தே நிமிஷத்தில், "லுபுண்டு போடலாம் மாமா" என்று எழுதினார். அடுத்த நிமிஷமே சின்ன மாப்பிள்ளை பலராமன், அவர் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர், "பப்பி இன்னும் லேசு மாமா" என்று எழுதினார். அரை மணி நேரம் கழித்துப் பெரிய மாப்பிள்ளை ஒரே ஒரு கட்டைவிரல் படம் போட்டார். அந்தக் கட்டைவிரலை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மதத்துக்குப் போடுகிற கட்டைவிரலா அது? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூத்தவருக்கு முதல் மரியாதை என்று ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பென் டிரைவோடு வந்தார், இரண்டு மணி நேரத்தில் லுபுண்டுவைப் போட்டார். உங்கள் குடும்பப் போட்டோக்கள் இருக்கிற பகுதியில் கை வைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்ததால், மிச்சமிருந்த துண்டு இடத்தில்தான் போட முடிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஓடியது. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் திறந்துவிட்டது. இணையதளமும் உள்ளே விட்டது. இதோடு முடிந்தது என்று யாராவது நினைப்பார்கள். நான் நினைக்கவில்லை. சின்ன மாப்பிள்ளை சொன்னது அப்படியே நிற்கிறதே. பெரியவர் பேச்சைக் கேட்டு, சின்னவர் பேச்சைக் குப்பையில் போட்டார் மாமனார் என்று நாளைக்கு ஒரு சொல் வந்துவிட்டால்? மாலாவுக்குப் போன் செய்து, "மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். "எதைப் பத்திப்பா?" என்றாள். "லுபுண்டு பத்தி." "அவருக்கு வேற வேலை இல்லியாப்பா" என்றாள். கேட்டீர்களா மச்சான்? வேறு வேலை இருக்கிறதாம். மரியாதை குறைந்த இடத்தைப் பற்றி ஒரு பெண் அப்பாவிடம் இதைவிட எப்படிச் சொல்வாள்?

ஆகவே அடுத்த ஞாயிறு சின்ன மாப்பிள்ளைக்கு விருந்து. பெரியவருக்கு எட்டு வகை என்றால் இவருக்கு ஏழு வகை ஆகிவிடக் கூடாது என்று இலையில் நானே எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் லேப்டாப்பை எடுத்து முன்னால் வைத்தேன். "பெரிய மாப்பிள்ளை போட்டதை எடுக்காம, பக்கத்துலயே உங்களதையும் போட்டுடுங்க" என்றேன். "ஒண்ணு போதும் மாமா, நல்லாத்தானே ஓடுது" என்றார். பெருந்தன்மை. நான் விடவில்லை. போட்டுக்கொடுத்தார். பலகை பிரெஞ்சுப் பலகையாக இருப்பதைப் பார்த்து, மாமாவுக்குப் பாண்டிச்சேரிக்காரர் என்பதால் பிரெஞ்சு வரும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, அவர் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து உப்பளத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, மொழியையும் பிரெஞ்சாகவே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் படித்தது தமிழ் மீடியம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு தெருப்பெயர் பலகைகளோடு சரி. இது போதாதென்று பப்பியைத் திறந்தால் நாய் குரைக்கிற சத்தம் வருகிறது. "இந்த வீட்ல நாய் வேணாம்னு இருபது வருஷமா சொல்லிட்டு இருக்கேன்" என்றாள் உங்கள் தங்கை.

மாப்பிள்ளை போட்டதைத் தொடாமல் இருப்பது முறையில்லை என்று சாக்கடை மனுவை பப்பியில்தான் எழுதினேன். மூன்று மணி நேரம். ஆறு பத்தி, இரண்டு இணைப்பு, தெருவாசிகள் பெயர்ப் பட்டியல். மெஷினை நிறுத்தப் போனால் திரையில் பிரெஞ்சில் என்னவோ கேட்டது. அடுத்த வீட்டுக் குஞ்சம்மாள் அக்காவைத் தெரியுமே உங்களுக்கு, அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அக்காவுக்கும் பிரெஞ்சு வரும், கூப்பிட்டேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் நன்றாக உட்கார்ந்து படித்தார்.

"இதுவரைக்கும் செஞ்சதை ஒரு கோப்புல போட்டு வைக்கட்டுமானு கேக்குது, தம்பி."

"எந்தக் கோப்புல?"

"அதைச் சொல்லல. ஆனா மரியாதையாத்தான் கேக்குது. நீங்கன்னு வூ போட்டுக் கேக்குது, நீன்னு து போடல."

"வரைவா இருக்கிற மனுவைக் கோப்புல வைக்கக் கூடாதுக்கா. கையெழுத்தாகி, எண் போட்ட பிறகுதான் கோப்புக்குப் போகணும். வேணாம்னு சொல்லிடுங்க."

அக்கா 'நோன்' என்று இருந்த இடத்தை அமுக்கினார். மெஷின் அணைந்தது. மறுநாள் திறந்தால் மனு இல்லை, இணைப்பு இல்லை, பெயர்ப் பட்டியல் இல்லை, முதல் நாள் பிறந்த குழந்தை மாதிரி என்னைப் பார்க்கிறது. சின்ன மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன், வகுப்பில் இருந்தார், வெளியே வந்து பேசினார். பப்பி எல்லாவற்றையும் மனதில்தான் வைத்திருக்குமாம், முதல் தடவை நிறுத்தும்போது கோப்பில் வைக்கச் சொன்னால்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுமாம். முப்பத்து மூன்று வருஷத்தில் கையெழுத்தாகாத வரைவை நான் ஒருநாளும் கோப்பில் வைத்தவன் அல்ல. அந்த ஒழுங்குக்குக் கிடைத்த பலன் இது.

இதைச் சரிபார்க்கப் பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிட்டதுதான் அடுத்த வினை. அலுவலகத்திலிருந்து நேராக வந்தார். காபி கொடுத்தாள் உங்கள் தங்கை. நான் லேப்டாப்பை எடுத்து வந்து போட்டேன். இரண்டு லினக்ஸ் இருந்தால், எதைத் தொடங்கட்டும் என்று முதலில் ஒரு பட்டியல் வரும். பத்து விநாடிக்குள் நாம் எதையும் தொடாவிட்டால், மேலே இருப்பதை அதுவே தொடங்கிவிடும். அந்தப் பட்டியலில் பப்பி மேலே இருந்தது, லுபுண்டு கீழே இருந்தது. கடைசியில் வந்தது தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டுவிட்டது. பெரிய மாப்பிள்ளை பார்த்தார். பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு, "அவசர வேலை மாமா, வரேன்" என்று கிளம்பிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசை மாறினதற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருக்கிற குடும்பங்களை நமக்குத் தெரியாதா? கார்குழலிக்குப் போன் செய்து, "மாப்பிள்ளைக்கு வருத்தமாம்மா?" என்று கேட்டேன். "ஆமாம்பா, ரெண்டு நாளா சாப்பிடல, தூங்கல. பெரிய மாப்பிள்ளைய ரெண்டாவதா போட்டுட்டாங்களேன்னு தலையில கை வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள். என் பெரிய பெண் எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவள்.

வரிசையை மாற்ற வேண்டியதுதான். ஆனால் எந்த விதியின் கீழ் மாற்றுவது? அகர வரிசை என்று வைத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் பார்த்தால் லுபுண்டு முன்னால் வருகிறது, தமிழில் பார்த்தால் பப்பி முன்னால் வருகிறது. பணி மூப்பு என்று பார்த்தால் நம் வீட்டில் லுபுண்டு முதலில் சேர்ந்தது, ஆனால் நீங்கள் அனுப்பின இணைப்பின்படி பப்பி ஏழெட்டு வருஷம் முன்னால் பிறந்தது. கடைசியில் ஒரு முறைப்பட்டியல் தயாரித்து நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒற்றைப்படைத் தேதிகளில் லுபுண்டு, இரட்டைப்படைத் தேதிகளில் பப்பி. முப்பத்தொன்றாம் தேதிக்கு அடுத்து ஒன்றாம் தேதி வந்து லுபுண்டுவுக்குத் தொடர்ச்சியாக இரண்டு நாள் கிடைத்துவிட்டது. அதை ஈடுகட்டப் பொங்கலன்று பப்பிக்குச் சிறப்பு நாள் கொடுத்து, அந்த விவரத்தை இரு மாப்பிள்ளைகளுக்கும் தனித்தனியாகத் தெரிவித்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் மாலாவுக்கும் தெரிவித்தேன், அவள் கணவரிடம் நல்லவிதமாக எடுத்துச் சொல்லட்டும் என்று. ஒருநாள் ஸ்கேன், டாக்டர் என்று என்னவோ ஆரம்பித்தாள். அதையெல்லாம் அம்மாகிட்ட சொல்லும்மா, இன்றைக்கு இரட்டைப்படைத் தேதி, பப்பி குரைக்கவே இல்லை, என்னவென்று கேள் என்றேன். போனை வைத்துவிட்டாள். அவ்வளவு கோபம் இருந்திருக்கிறது பாருங்கள்.

இனி நடுநிலையான ஒருவர் வேண்டும் என்று மார்க்கெட் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற மொய்னுதீன் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல மனிதர், என் முழுக் கதையையும் கேட்டார். "சார், இடமே இல்ல இதுல. ரெண்டுல ஒண்ணை எடுத்துடுங்க" என்றார்.

"எதை எடுக்கிறது பாய்?"

"எதை வேணா எடுங்க சார், ரெண்டும் நல்லதுதான்."

"உங்களுக்கு எத்தனை மாப்பிள்ளை பாய்?"

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "மூணு சார்," என்றார். அதன் பிறகு எதை எடுக்கலாம் என்று அவர் சொல்லவே இல்லை. இரண்டையும் சுருக்கி, நடுவில் ஆன்டிஎக்ஸ் என்று மூன்றாவதாக ஒன்றைப் போட்டு, அதைப் பட்டியலில் முதலாவதாக வைத்தார். யாருக்கும் சொந்தமில்லாத லினக்ஸ், இனி சண்டைக்கு வழியில்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த ஞாயிறு இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒன்றாகச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன், வந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது என்று. பெரியவருக்கு ஆடிட்டாம். சின்னவருக்கு விடைத்தாள் திருத்துகிற வேலையாம். இரண்டு பேருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. வெளியாள் போட்டதை முதலில் வைத்துவிட்டு வீட்டு மாப்பிள்ளைகளைப் பின்னால் தள்ளினார் என்பதுதான் உள்ளே இருக்கிற காரணம் என்று ஒரு கண்காணிப்பாளருக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? இரண்டு கிலோ மட்டன். நானும் உங்கள் தங்கையும் மூன்று நாள் சாப்பிட்டோம்.

போன வியாழக்கிழமை மாலாவுக்குப் போன் செய்தேன். வளைகாப்புக்குப் புதன்கிழமையே வந்துவிடு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, அப்படியே பட்டியல் வரிசையையும் அவர் கையாலேயே மாற்றிவிடலாம் என்றேன். "எனக்கு வளைகாப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க உங்க கம்ப்யூட்டரையே மடியில வச்சிக்கிட்டு இருங்க. நான் இங்கயே பெத்துக்கிறேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை மச்சான். இந்த வீட்டில் அவளுக்காக மாடியறையைச் சுண்ணாம்படித்து, கொசுவலை கட்டி, மேற்குப் பக்க ஜன்னலுக்குத் திரை தைத்து வைத்திருக்கிறேன். என் கையில் வளர்ந்த பெண், தன் முதல் பிள்ளையை உப்பளத்தில் மாமியார் வீட்டில் பெற்றுக்கொள்கிறேன் என்கிறாள், ஒரு லேப்டாப்பில் புருஷன் போட்டது பின்னால் போனதற்காக. அன்றிலிருந்து உங்கள் தங்கையும் என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. மாப்பிள்ளைகளைக் கவனித்ததில் நான் வைத்த குறை என்ன என்று அவளாவது சொல்லலாம், சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள். அந்த லேப்டாப் தங்களுடையது. தாங்கள் என் பெண்களுக்குத் தாய்மாமன். இன்ன லினக்ஸ்தான் அதில் இருக்க வேண்டும் என்று தாங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கையெழுத்திட்ட கடிதமாக அனுப்பினால் இரு மாப்பிள்ளைகளும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அது லுபுண்டுவாகவோ பப்பியாகவோ இருக்கக் கூடாது, ஆன்டிஎக்ஸாகவும் இருக்கக் கூடாது. பட்டியலில் மிச்சம் எட்டு இருக்கின்றன. அதில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். அல்லது அதை யார் கையிலாவது திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று தெரிவிக்கவும். பெண் வீட்டுக்கு வந்தால் போதும்.

தையல்நாயகி அக்காவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் பையனுக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம், இனி பழைய சாமான் எதையும் இந்தப் பக்கம் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று சொல்லவும். தாங்கள் குளிரில் வெளியே அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் உண்மையுள்ள,
புருஷோத்தமன்

பி.கு.: அண்ணா, அமுதவல்லி எழுதுறேன். அவர் உறை ஒட்டப் பசை வாங்கக் கடைக்குப் போயிருக்கார். நான் படிக்காம இந்த வீட்லேந்து ஒரு கடுதாசி வெளிய போனதில்ல, அது அவருக்கும் தெரியும். மேல எழுதியிருக்கிற எதையும் நம்ப வேணாம். மாப்பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. ரெண்டு பேரும் தினமும் போன்ல பேசிக்கிறாங்க, இவர் ஒட்டி வச்ச முறைப்பட்டியலைப் படம் எடுத்து அனுப்பிச் சிரிச்சிக்கிறாங்க. கார்குழலி கேலிக்குச் சொன்னதை இவர் கெட்டியா புடிச்சிக்கிட்டார். ஆடிட்டும் இல்ல, விடைத்தாளும் இல்ல. "அத்தை, அந்த டப்பாவ பரண்ல போட்டுட்டா சொல்லுங்க, உடனே வரோம்"னு ரெண்டு பேரும் எங்கிட்ட சொல்லிட்டாங்க. வந்த மனுஷன் ஒரு வாய் காபி குடிக்கிறதுக்குள்ள மெஷினைத் தூக்கி மடியில வச்சா யார்தான் உக்காருவாங்க.

ஆனா மாலா கோவிச்சிக்கிட்டது நெசம். வியாழக்கிழமை இவர் போனை வச்சதும் எனக்குப் போன் பண்ணி அழுதா. "ரெண்டு மாசமா அப்பா பேசினா பப்பி குரைக்குது, பப்பி குரைக்கலன்னு அதையேதாம்மா சொல்றாரு. என் வயித்துல ஒண்ணு இருக்கே, அது உதைக்குதா, தூங்குதான்னு ஒரு வாட்டி கேட்டாராம்மா"ன்னு கேட்டா. நான் பேசாம இருக்கிறது அதுக்குத்தான், மட்டனுக்காக இல்ல. இவர் கேட்ட பதில் கடுதாசி இங்க வர்றதுக்குள்ள வளைகாப்பு முடிஞ்சே போயிடும். அதனால நீங்க லினக்ஸ் எதையும் தேட வேணாம், நேத்து போன்ல சொன்னபடி ரெண்டு பேரும் பதினெட்டாம் தேதி வந்து இறங்கிடுங்க. அவர் வர்ற சத்தம் கேக்குது.

மீண்டும் பி.கு.: புருஷோத்தமன் எழுதுவது. மேலே கண்டதைப் படித்தேன். அப்படி இருக்காது என்று போனை எடுத்து, டிசம்பரிலிருந்து மாலாவுக்கு நான் அனுப்பின செய்திகளை வரிசையாகச் சரிபார்த்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. ஒன்றில்கூட சாப்பிட்டாயா என்று இல்லை.

பொருளில் கண்ட கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்போதே உப்பளத்துக்குக் கிளம்புகிறேன், இந்தக் கடிதத்தை வழியில் தபால்பெட்டியில் போட்டுவிடுவேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பமாட்டேன், எழுந்து வருகிற வரைக்கும் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். செருப்பு மாட்டும்போது உங்கள் தங்கை வந்து என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, உள்ளே இருந்த பென் டிரைவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் தடுக்கவில்லை.